திரையில் உண்டு, தாளில் இல்லை

அத்தியாயம் 6

இறந்தவன் பெயர் அங்கப்பன். அவன் மேல் விழுந்தது ஒரு சுவர். அந்தச் சுவருக்குக் கட்டுமானப் படம் போட்டவள் ராஜேஸ்வரி. இந்த மூன்றிலும் ஏற்காட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகப்பட்ட ஒரே ஆள் அங்கப்பனின் அண்ணன் பெரியண்ணன். சேர்வராயன் மலையில் காப்பியும் கேழ்வரகும் பயிரிடுகிறவர். அவர்தான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் ஞானசுந்தரத்தின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "தப்புப் பண்ணுனது யாருன்னு சரியாத் தெரியோணுமுங்க. தப்பான ஆளத் திட்டிக்கிட்டு எத்தன காலத்துக்கு இருக்கறதுங்க" என்று கேட்டவர்.

ஆகவே 1997ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், ஞானசுந்தரமும் அவருடைய உதவியாளர் ராசாத்தியும் அடிவாரத்தில் பஸ் மாறி மலையேறினார்கள்.

"சார், அடுத்த கேஸாவது சமவெளியில எடுங்க" என்றாள் ராசாத்தி, ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும். "நான் வந்துட்டேன். என்ற வயிறு இன்னும் நாலு வளைவுக்குக் கீழதான் வந்துக்கிட்டிருக்குது."

ஞானசுந்தரம் தலையை மட்டும் அசைத்தார். சர்வே இலாகாவில் பாதி ஆயுளைக் கழித்தவர். மற்றவர்கள் சிரிக்கும் இடத்திலும் அழும் இடத்திலும் அவர் அந்த ஒரே தலையசைப்பைத்தான் வைத்திருந்தார்.

பெரியண்ணன் நனைந்த குடையோடு பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். நடந்துகொண்டே விவரத்தைச் சொன்னார். மலைச்சரிவில் ஒரு ரிசார்ட் கட்டுகிறார்கள். மேல்மண் சரியாமல் இருக்கக் கல்சுவர். இப்படிப்பட்ட சுவருக்கு அடியில் வரிசையாக ஓட்டை விடவேண்டும். மழைத்தண்ணீர் சுவருக்குப் பின்னால் தேங்காமல் அதன் வழியாக வெளியேறிவிடும். கோடையில் கட்டிய இந்தச் சுவரில் ஓட்டையே இல்லை. சமவெளியிலிருந்து வந்த கான்ட்ராக்டர், தாளில் இருந்ததைத் தாளில் இருந்தபடியே கட்டிவிட்டுப் போய்விட்டார். தாளில் ஓட்டை இல்லை. போன வாரம் பெய்த மழையில் சுவர் பிதுங்கி விழுந்தது. கீழே மணல் சலித்துக்கொண்டிருந்த அங்கப்பன் அதற்குள் போய்விட்டான்.

"சாயங்காலம் இன்ஸ்பெக்டர் ஐயா வராருங்க. படம் போட்டதுல தப்பு என்னோடதுதான்னு அந்தப் புள்ள ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுதாமுங்க. போட்டதும் ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போயிருவாங்களாம்."

"ஒத்துக்கிச்சுல்ல? அப்பறம் என்னங்க சந்தேகம்?" என்றாள் ராசாத்தி.

"எழவுக்கு வந்துதுங்க அந்தப் புள்ள. தப்புப் பண்ணுனவங்க வந்தா மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. இது ஒவ்வொருத்தர் மூஞ்சியா பாத்துதுங்க, எதையோ தொலைச்ச மாதிரி."

ராஜேஸ்வரி வேலை பார்க்கும் ஆர்க்கிடெக்ட் கோவிந்தராஜின் அலுவலகம் ஏரிக்குப் போகும் சாலையில், ஒரு காப்பிக்கொட்டை கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரே அறை. ஒரு கம்ப்யூட்டர், பேனா பிடித்துத் தானே படம் வரையும் ஒரு பிளாட்டர், சுருட்டிய டிரேசிங் தாள்கள் அடுக்கிய மரத்தட்டு. பிளாட்டருக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது.

"கரண்ட் பில்லு கட்டறது பஞ்சாயத்துங்களா?" என்றாள் ராசாத்தி.

"பனிமஞ்சு உள்ள வந்துடுதும்மா. டிரேசிங் தாள் நமுத்துப்போனா கோடு ஊறிடும். ஏற்காட்டுல தாள் வெக்கிற எல்லாரும் பல்பு எரிப்பாங்க" என்றார் கோவிந்தராஜ். முகச்சவரம் செய்யாத, களைத்த மனிதர். மரியாதையாகவே பேசினார். "பாருங்க சார். எனக்கு ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. நல்ல பொண்ணு. ஏதோ அசந்துட்டா."

ராஜேஸ்வரி கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முப்பதுக்குள் வயது. வணக்கம் சொன்னாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, அணைந்திருந்த திரையைப் பார்த்தாள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்றார் ஞானசுந்தரம்.

"என்ற ஃபைல்தானுங்க."

"நீங்கதான் தப்பாப் போட்டீங்களா?"

"போட்டிருப்பனுங்க."

"ஞாபகம் இருக்கா?"

"இல்லீங்க. ஆனா சார் காட்டுனாரு. தப்பு அதுலதானுங்க இருந்துது." குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்வது போலச் சொன்னாள்.

ராசாத்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். சேலம் நாலு ரோட்டில் ஆறு மாதம், கம்ப்யூட்டரில் படம் வரையும் 'கேட்' படிப்புப் படித்தவள். வேலை கிடைக்காமல் துப்பறிய வந்தவள். ஃபைலைத் திறந்தாள்.

தாள் ஒன்று. அதில் ஜன்னல் இரண்டு. வியூபோர்ட் என்று அதற்குப் பெயர். இடது ஜன்னலில் விழுந்துபோன கிழக்குச் சுவர். வலது ஜன்னலில் மேற்குச் சுவர். இரண்டின் அடியிலும் நீல நிறத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. தண்ணீர் போகும் ஓட்டைகள்.

"இருக்குதே சார்! கண்ணுக்கு முன்னால இருக்குதே!"

"திரையில இருக்கும்மா. பிரின்ட் எடுத்துப் பாரு" என்றார் கோவிந்தராஜ்.

பிளாட்டர் ஒரு டிரேசிங் தாளை இழுத்துக்கொண்டு கரகரவென்று ஓடியது. ஒவ்வொரு பேனாவாக எடுத்தது, வரைந்தது, வைத்தது. தாள் வெளியே வந்ததும் கோவிந்தராஜ் இடது ஜன்னலில் விரலை வைத்தார். கிழக்குச் சுவர் சுத்தமாக இருந்தது. வட்டம் ஒன்றுகூட இல்லை.

"திரையில இருக்கறவன் தாளுக்கு வரல. தலைமறைவு" என்ற ராசாத்தி தேடத் தொடங்கினாள்.

முதல் சந்தேகம் ஜன்னல் மேல். ஒரு ஜன்னலில் மட்டும் சில கோடுகளை மறைத்து வைக்க அந்த சாஃப்ட்வேரில் வழி உண்டு. பார்த்தாள். எதையும் மறைக்கவில்லை. "ஜன்னல விடுதலை பண்ணிடலாம்."

இரண்டாவது, ஃபைல் ஊர் விட்டு ஊர் போனதா என்பது. ஃப்ளாப்பியில் வேறு சாஃப்ட்வேருக்கு மாற்றிக் கொண்டுபோனால் வழியில் பாதி உதிர்ந்துவிடும். "அதெல்லாம் இல்ல. வரையறதும் இங்கதான், எடுக்கறதும் இங்கதான்" என்றார் கோவிந்தராஜ்.

மூன்றாவது பேனா. திரையில் எந்த நிறமோ, அதற்கு ஒரு பேனா. நீலத்துக்கு ஐந்தாவது. ராசாத்தி அதை உருவிப் புறங்கையில் கிழித்தாள். பளிச்சென்று நீலக்கோடு. "என்னைய விட நல்ல உடம்போட இருக்குது."

நான்காவதாகக் கிழக்குச் சுவரின் ஒரு வட்டத்தைத் தொட்டு, அது எந்த லேயரில் இருக்கிறது என்று கேட்டாள். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி. கம்ப்யூட்டர் பதில் சொன்னது. ராசாத்தி நாற்காலியில் சாய்ந்தாள்.

"டெஃப்பாயின்ட்ஸ்" என்றாள். "சார், இது சாஃப்ட்வேர் தானாவே போட்டுக்கற லேயர். முதல் அளவு குறிச்ச உடனே வந்து உட்கார்ந்துக்கும். அதுல எதைப் போட்டாலும் திரையில தெரியும், தாளுக்கு மட்டும் போகவே போகாது. எங்க மிஸ் முதல் வாரமே சொல்லிட்டாங்க, அந்த லேயர் பக்கமே போகாதீங்கன்னு." குரலைத் தாழ்த்தினாள். "கேஸ் முடிஞ்சுதுங்க சார். வரைஞ்சவங்க தப்புதான்."

கதவருகே நின்றிருந்த பெரியண்ணன் குடையைக் கைமாற்றிக்கொண்டார். ராஜேஸ்வரி அசையவில்லை.

"அன்னிக்கு எடுத்த அசல் டிரேசிங் எங்க?" என்றார் ஞானசுந்தரம்.

"அதுலயும் ஓட்டை இல்ல சார். நான் பாத்துட்டேன்" என்றார் கோவிந்தராஜ்.

"இல்லாததை நானும் ஒரு தடவை பாத்துக்கறேன்."

கோவிந்தராஜ் மரத்தட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். கோடையில் எடுத்தது. இதிலிருந்துதான் அமோனியா பிரதி போட்டு சைட்டுக்குக் கொடுத்திருந்தார்கள். ஞானசுந்தரம் பழைய தாளை ஜன்னல் கண்ணாடியில் வைத்து, அதன்மேல் இன்றைய தாளை வைத்து, ஓரத்துக்கு ஓரம் பொருத்தினார். வெளியே மஞ்சு வெள்ளையாக நின்றது. இரண்டு தாளும் ஒன்றாகத் தெரிந்தன. சர்வே ஆபீஸில் பழைய வரைபடத்தோடு புதியதை இப்படித்தான் ஒப்பிடுவார்கள்.

"ராசாத்தி, வலது பக்கம் மேல்தாளைத் தூக்கு."

தூக்கினாள். விட்டாள். மறுபடி தூக்கினாள்.

"சார்... மேற்குச் சுவர்ல ஓட்டை வந்து போகுது."

"எதுல வருது?"

"இன்னிக்கு எடுத்ததுல. பழசுல இல்ல."

"நாம எல்லாரும் விழுந்த சுவரையே பாத்துட்டிருந்தோம்" என்றார் ஞானசுந்தரம். "அன்னிக்கு இந்தப் பிளாட்டர் ரெண்டு சுவருக்கும் ஓட்டை போடல. இன்னிக்கு ஒண்ணுக்குப் போடுது, ஒண்ணுக்குப் போடல. லேயர் தப்புன்னா அன்னிக்கு வந்த மாதிரியேதானே இன்னிக்கும் வரணும்? அன்னிக்கு இருந்த வியாதி வேற. இப்ப இருக்கறது வேற."

கோவிந்தராஜ் குறுக்கிட்டார். "நடுவுல ராஜேஸ்வரியே ஏதாவது திருத்தியிருப்பா."

"இருக்கலாம்" என்ற ஞானசுந்தரம் பழைய தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பல்பின் அருகே போனார். தாளைத் தட்டையாகப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி மெல்லச் சாய்த்தார். இன்னும் கொஞ்சம் சாய்த்தார். "பெரியண்ணன், உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

"காட்டுல பாம்புத் தடம் தெரியுமுங்க."

"அப்ப இதப் பாருங்க."

பெரியண்ணன் குனிந்தார். "ரவுண்டு ரவுண்டாக் கீறியிருக்குதுங்க. மை இல்ல. முள்ளு இழுத்தாப்பல இருக்குதுங்க."

"எத்தனை சுவருக்கு?"

"ரெண்டுக்குமுங்க."

ராசாத்தி ஓடிவந்து பார்த்தாள். மையில்லாமல் பேனா முனை மட்டும் ஓடியிருந்த தடம். கிழக்குச் சுவருக்கு ஒரு வரிசை, மேற்குச் சுவருக்கு ஒரு வரிசை.

"பேனா வந்திருக்குது! கம்ப்யூட்டர் சொன்ன இடத்துக்கெல்லாம் வந்திருக்குது! மைதான் வரல!"

"தாளுக்கே போகாத லேயர்ல இருந்திருந்தா, பேனா அந்தப் பக்கமே வந்திருக்காது" என்றார் ஞானசுந்தரம். "படம் சரியாத்தான் இருந்திருக்கு. அன்னிக்கு நீலப் பேனா காஞ்சு கிடந்திருக்கு; இப்ப இருக்கறது அப்பறம் மாத்தினது. இந்தப் பல்பு தாளை மட்டுமா காயவெக்கும்? சுவர் விழுந்த பிறகு யாரோ கிழக்குச் சுவரோட வட்டங்களை மட்டும் எடுத்து அந்த லேயர்ல போட்டிருக்காங்க. நிறம் மாறாம பாத்துக்கிட்டாங்க. விழாத சுவரை மறந்துட்டாங்க."

ராஜேஸ்வரி முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

கோவிந்தராஜ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "பேனாவே காஞ்சிருக்கட்டும் சார். பேனாவைக் காய விட்டது யாரு? பிளாட்டர் பூரா அவ பொறுப்பு. அந்தத் தாளை எடுத்ததும் அவதான்."

"அதையும் பாத்துடலாம்" என்று ஞானசுந்தரம் மரத்தட்டில் கையை விட்டார். கைக்கு வந்த சுருள்களை உருவி மேஜைமேல் விரித்தார். பங்களா, பள்ளிக்கூடம், எஸ்டேட் குடோன், இன்னொரு பங்களா. எல்லாத் தாளிலும் இடது கீழ்மூலை முக்கோணமாக வெட்டப்பட்டிருந்தது.

"எலியா?" என்றாள் ராசாத்தி. "அளவெடுத்துக் கடிக்கிற எலி."

"நான் வெட்டறதுங்க" என்றாள் ராஜேஸ்வரி. "எடுக்கறதுக்கு முன்னால ஒவ்வொரு பேனாவையும் மூலையில கிறுக்கிப் பாப்பனுங்க. வேற தாள்ல பாத்தாச் சரியாத் தெரியாதுங்க. டிரேசிங்லதான் தெரியும். எடுத்து முடிச்சதும் அந்த மூலைய வெட்டிருவனுங்க, அசிங்கமா இருக்குமுன்னு."

"எல்லாத் தாள்லயுமா?"

"எல்லாத்துலயுமுங்க."

ஞானசுந்தரம் ரிசார்ட் தாளை அவள் பக்கம் தள்ளினார். நான்கு மூலையும் முழுசாக இருந்தது.

ராஜேஸ்வரி அந்த மூலையை விரலால் தொட்டாள். நெடுநேரம் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"இது நான் எடுத்த தாள் இல்லீங்க" என்றாள்.

கோவிந்தராஜ் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல் பேசினார். "சேர்வராயன் கோயில் திருவிழா அன்னிக்கு. எல்லாருக்கும் லீவு விட்டுட்டேன். அன்னிக்கே பிரதி போட சேலம் அனுப்பணும்னு கீழ கார் ஹாரன் அடிச்சிட்டே நின்னுது. நானே எடுத்தேன். பேனா ஓடற சத்தம் கேட்டுது. சத்தம் கேட்டா வரையுதுன்னுதானே நினைப்போம்? கையெழுத்துப் போட்டுச் சுருட்டிக் குடுத்துட்டேன்." கண்ணாடியைக் கழற்றினார். "சுவர் விழுந்தன்னிக்கு ஃபைலைத் திறந்தா ஓட்டை இருக்கு. அப்பத்தான் புரிஞ்சுது. பேனான்னு ஆச்சுன்னா எடுத்தவன் தலையில. லேயர்ன்னு ஆச்சுன்னா..."

"வரைஞ்சவங்க தலையில" என்றாள் ராசாத்தி.

பெரியண்ணன் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "அப்ப என்ற தம்பி ஒரு பேனா காஞ்சதுல போயிட்டானுங்களா?"

ஞானசுந்தரம் தலையை அசைக்கக்கூட இல்லை.

கீழே ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் மழைக்கோட்டோடு மாடியேறி வந்து, பையிலிருந்து டைப் அடித்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். "என்னம்மா, படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறியா?"

"கையெழுத்து வாங்க வேண்டிய ஆள் மாறிப்போச்சுங்க" என்று ஞானசுந்தரம் இரண்டு டிரேசிங்கையும் காட்டி, வரிசையாக, நிதானமாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தாளைச் சாய்த்துப் பார்த்தார். கோவிந்தராஜைப் பார்த்தார். "நெசமாங்க சார்?" என்றார். கோவிந்தராஜ் ஆமென்றார்.

"எந்திரிங்க, போலாம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்போதுதான் ராஜேஸ்வரி பேசினாள். அவள் பார்வை இன்னும் பழைய தாளின் வலது பக்கத்திலேயே இருந்தது.

"இந்தத் தாளப் பாத்துத்தானுங்க மேற்குச் சுவரும் கட்டினாங்க?"

தாளை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

"அதுலயும் ஓட்டை இல்லீங்களே" என்றாள். "அது இன்னும் நிக்குதுங்களே. வாரம் பூராம் மழை. அந்தத் தண்ணி எங்கீங்க போயிருக்கும்?"

கோவிந்தராஜின் முகம் வெளுத்தது. "மேற்குச் சுவர்... எனக்குத் தோணவே இல்லை. அதுக்குக் கீழதான் கூலியாளுங்க ஷெட்டு."

"எங்காளுங்க பூரா அங்கதானுங்க!" பெரியண்ணனின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "ஆராயி அங்கதான் இருக்கறா. என்ற தம்பி ஊட்டுக்காரி. குழந்தையோட இருக்கறா!"

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த தாளை மடித்தார். "அரெஸ்ட் அப்பறம். எல்லாரும் ஜீப்புல ஏறுங்க."

ஜீப்பில் இடம் போதவில்லை. ராசாத்தி பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தாள். வளைவுகளைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.

மேற்குச் சுவர் நின்றுகொண்டிருந்தது. நடுவில் மட்டும் லேசாக முன்னால் வந்திருந்தது, சாப்பிட்ட வயிறு போல. அதன் அடியில் தகர ஷெட்டுகள். ஒன்றில் அடுப்புப் புகை. "அடியே ஆராயி, எந்திரி, அப்படியே வா! சட்டி பானைய விடு!" என்று பெரியண்ணன் கத்திக்கொண்டே ஓடினார். ஒவ்வொரு ஷெட்டாகக் காலி செய்தார்கள். ஆராயி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, "என்னாச்சுங்க மாமா?" என்று கேட்டாள். பெரியண்ணன் குழந்தையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அன்றிரவு அவர்கள் எல்லாரும் பக்கத்து எஸ்டேட் குடோனில் படுத்தார்கள். கோவிந்தராஜ் ஜீப்பின் பின்சீட்டில் ஸ்டேஷனுக்குப் போனார்.

சுவர் அன்று விழவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. கல்லுடைக்கும் காளியப்பன் கடப்பாரையோடு வந்தார். சுவர் தாழ்வாக இருந்த ஓரத்திலிருந்து தொடங்கலாம், பக்கத்தில் ஒருத்தரும் நிற்கக்கூடாது என்று சொன்னார். "ஓட்டை எந்த இடத்துலன்னு சொன்னாப் போதும்."

ராஜேஸ்வரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனாள். படத்தைப் பார்க்கவில்லை. சுவரோரமாகக் குனிந்து ஒரு வட்டம் போட்டுவிட்டு விலகினாள். காளியப்பன் இரண்டு கல்லுக்கு நடுவில் கடப்பாரையை விட்டு நெம்பினார். சாந்து உதிர்ந்தது. மறுபடி நெம்பினார். செம்மண் கலங்கிய தண்ணீர் விசிறியடித்து, தள்ளி நின்ற அவள் புடவை முழுக்கத் தெறித்தது. அவள் துடைக்கவில்லை. தண்ணீர் பீறிட்டுக்கொண்டே இருந்தது.

பெரியண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தச் சுவத்துலயும் இப்படி விட்டிருந்தா நின்னிருக்குமுங்களா, கண்ணு?"

"நின்னிருக்குமுங்க."

அவர் தலையாட்டினார். ராஜேஸ்வரி சுவரோரம் நகர்ந்து, அடுத்த இடத்தில் வட்டம் போட்டாள்.